ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் முதலில் கீழே இழுங்கள்

விமானத்தில் மேலிருந்து ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் அதை முகத்தில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, நன்றாகக் கீழே இழுக்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் அந்த இழுப்பில்தான் ஆக்சிஜன் வரவே தொடங்கும். கூடவே தொங்கும் பை உப்பவில்லையே என்று பதறிக் கழற்றிவிடாதீர்கள், உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும்.

35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவாக யோசித்துச் செயல்பட நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான். அதனால்தான் குழந்தைக்கு முன்னால் உங்களுக்கு மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு யார் மாட்டிவிடுவது? விமானம் அப்போது வேகமாக இறங்கும், பயமாகத்தான் இருக்கும், ஆனால் மாஸ்க் இல்லாமலே மூச்சுவிட முடிகிற 10,000 அடிக்கு விமானி வேண்டுமென்றே இறக்குகிறார்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். உள்ளே இருக்கும்போது அதை உப்பவே விடாதீர்கள். 1996-இல் கொமொரோஸ் தீவுகள் அருகே கடலில் இறங்கிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில், உள்ளேயே உப்ப வைத்துக்கொண்ட பலர் தண்ணீர் ஏறியதும் மேலே மிதந்து கூரையோடு சிக்கி, வெளியே நீந்த முடியாமல் இறந்துபோனார்கள். கதவைத் தாண்டும்போது ஜாக்கெட்டை உப்ப வைக்கும் பிடியை இழுத்தால் போதும்.