முதலில் பேரைச் சரிபாருங்கள், மேற்கோளைப் பிறகு எண்ணலாம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் தம்பி முறையான ஒருவன் மடிக்கணினியோடு வந்து குந்தினான். இரசாயனவியல் விரிவுரையாளன். புல்மோட்டை மணலில் இருக்கும் இல்மனைட்டு என்ற கனிமத்தில் இருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுப்பதுதான் அவன் ஆய்வு. பதவி உயர்வுக்கு வெளியீட்டுப் பட்டியலும் மேற்கோள் கணக்கும், அதாவது அவன் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை தடவை சுட்டியிருக்கின்றன என்ற எண்ணிக்கையும், கேட்டிருக்கிறார்கள். "அக்கா, கூகுளில தேடினா என்ர கட்டுரையில பாதிதான் வருது" என்றான். நூலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இது புதுக் கதை இல்லை.

எண்ணத் தொடங்குமுன் பேரைப் பாருங்கள். ஆய்விதழ்ப் படிவம் குடும்பப் பெயர் எது என்று கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவன் இரண்டு கட்டுரைகளில் அப்பாவின் பேரைப் போட்டிருக்கிறான், இன்னொன்றில் தன் பேரை. வேறொன்றில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு. விளைவு, சாம்பல்தீவில் கடற்றொழில் செய்யும் அவன் அப்பா இரண்டு ஆய்வுக்கட்டுரைகளுக்கு முதல் ஆசிரியர் ஆகிவிட்டார்!

ஆகவே ஒரு தாளை எடுத்து, இதுவரை அச்சில் வந்த உங்கள் பேரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். அப்புறம், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் ஓர்கிட் (ORCID) தளத்தில் இலவசமாகப் பதிந்து 16 இலக்க எண்ணை எடுங்கள். கடைசி இடத்தில் எக்ஸ் வந்தால் பதற வேண்டாம், அது 10ஐக் குறிக்கும் சோதனை இலக்கம். எழுதி வைத்த பேர்களை அங்கே 'வேறு பெயர்கள்' பகுதியில் போடுங்கள். கட்டுரைகளைத் தலைப்பை வைத்துச் சேர்க்காமல் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள டிஓஐ (DOI) எண்ணை வைத்துச் சேர்த்தால் பிழை குறையும்.

அடுத்தது கூகுள் ஸ்கொலர், கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுதளம். சுயவிவரம் திறக்கும்போது 'தானாகச் சேர்' என்பதை விட்டு, 'மின்னஞ்சலில் கேட்டுச் சேர்' என்பதைத் தெரியுங்கள். இல்லாவிட்டால் அதே முதலெழுத்துக்கார வைத்தியர் யாரோ எழுதிய புற்றுநோய்க் கட்டுரை உங்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். பார்த்தவள் சொல்கிறேன்.

சரி, இப்போது எச் சுட்டெண். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. குறைந்தது 5 மேற்கோள் பெற்ற கட்டுரை 5 இருந்து, குறைந்தது 6 பெற்றவை 6 இல்லாவிட்டால் எச் 5. கையாலேயே போடலாம். தம்பியின் பட்டியலை மேற்கோள் கூடியதில் இருந்து குறைந்ததற்கு அடுக்கினோம்: 31, 18, 12, 7, 6, 5, 3, 2, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், போதும். ஆறாவதற்கு 5தான், போதாது. ஆக எச் 5. குறைந்தது 10 மேற்கோள் உள்ளவை மூன்று என்பதால் ஐ10 சுட்டெண் 3.

பட்டியலில் 2 மேற்கோளோடு நின்ற கட்டுரை எனக்கு உறுத்தியது. திறந்து பார்த்தால், 5 மேற்கோள் உள்ள அதே கட்டுரையின் முன்பதிப்பு! இதழில் வருமுன் கெம்ஆர்க்கைவ் (ChemRxiv) என்ற இரசாயனவியல் முன்பதிப்புத் தளத்தில் போட்டது தனி வரியாக நின்றது. இரண்டையும் தெரிவுசெய்து 'ஒன்றிணை' என்பதை அழுத்தினோம். 31, 18, 12, 7, 7, 6 என்று வரிசை மாறி, எச் 6 ஆனது. தம்பி தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்கோபஸ், வெப் ஒவ் சயன்ஸ் என்ற மற்ற மேற்கோள் தரவுத்தளங்களில் இதே ஆளுக்கு வேறு எண் வரும், பெரும்பாலும் குறைவாக. கூகுள் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை எல்லாவற்றையும் வாரும், மற்றவை தெரிந்தெடுத்த வெளியீடுகளையே எண்ணும். எதில் கூட வருகிறதோ அதைப் போடுவோம் என்ற ஆசை வரும். போடுங்கள், ஆனால் எந்தத் தளம், எந்தத் திகதி என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்களை நீங்களே மேற்கோள் காட்டியதைக் கூகுள் பிரித்துக் காட்டாது. அதைத் தனியே எண்ணி எழுதுவது நல்லது.

இதழின் இம்பக்ட் ஃபக்டரை, அதாவது அந்த இதழின் அண்மைக் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்ற எண்ணை, தன் மதிப்பெண் போல எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழுக்கு அது சுமார் 2ஆக இருந்து, 2009இல் 50ஐ ஒட்டி ஏறியது. காரணம் ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி எழுதிய ஒரே ஒரு கட்டுரை. படிக அமைப்புக் கண்டவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். அந்த இதழில் அதே காலம் எழுதிய மற்றவர்களுக்கு அதில் என்ன பங்கு?

அதைவிட, ஒவ்வொரு கட்டுரையிலும் நீங்கள் செய்தது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்: முதல் ஆசிரியரா, உடுக்குறி போட்ட தொடர்பு ஆசிரியரா, எக்ஸ் கதிர் அளவீடு மட்டும் செய்தவரா. பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளைத் தனியாக வையுங்கள், அவற்றுக்கு மேற்கோள் இயல்பாகவே கூடும்.

தம்பியின் கோப்பு ஒப்படைத்தாயிற்று. அப்பா பேரில் நின்ற இரண்டில் ஒன்று அவன் பேருக்குத் திரும்பிவிட்டது. மற்றதற்குப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறான்.