ஹோய் ஆன்: விளக்குத் தெருக்களுக்கு அப்பால் சைக்கிளில் சுற்றுவது எப்படி

வியட்நாமின் ஹோய் ஆனில் கூட்டம் ஊர் முழுக்க இல்லை. டிரான் ஃபூ, நுயென் தாய் ஹொக், பாக் டாங் என்று ஆற்றுக்கு இணையாக ஓடும் மூன்று தெருக்களிலும் எதிர்க்கரையிலுள்ள இரவுச் சந்தையிலும்தான் அத்தனை பேரும் நெருக்கியடிக்கிறார்கள். அதிலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல், டா நாங்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறக்கிய பிறகுதான் உச்சம். பழைய நகரான அந்தச் சிறு செவ்வகத்தை விட்டு இரண்டு கிலோமீட்டர் மிதித்தால் நெல்வயல், கீரைப்பாத்தி, தச்சுப் பட்டறை என்று வேறு ஊர். இதற்கு வழிகாட்டியும் வேண்டாம், சுற்றுலாப் பொதியும் வேண்டாம். நேரத்தைப் பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

விசா, விமானம் பற்றி இங்கே எழுதவில்லை. ஊருக்குள் வந்து சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை மட்டும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். டா நாங்கில் அறை எடுத்துக்கொண்டு மாலையில் வந்து போகிறவர்களுக்கு நெரிசல் மட்டுமே கிடைக்கும்.

படி 1: வண்டி

சைக்கிள்தான் சரி. ஊரும் சுற்றுக் கிராமங்களும் தட்டையான ஆற்றுமுகத் தரை. பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. பழைய நகரில் காலை 9 முதல் 11 வரையும் பிற்பகல் 3 முதல் இரவு வரையும் மோட்டார் வண்டிகளுக்குத் தடை உண்டு, சைக்கிளுக்கு இல்லை.

விடுதியில் இலவசமாகத் தரும் சைக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பின் பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பாருங்கள், இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றுங்கள், பூட்டும் சாவியும் பொருந்துகின்றனவா பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் விளக்கு இராது, அதனால் நெற்றியில் மாட்டும் சிறு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். வண்டி சரியில்லை என்றால் வாடகைக் கடைக்குப் போங்கள். ஒரு நாளைக்கு 30,000 முதல் 50,000 டாங்குக்குள் (வியட்நாம் நாணயம்) நல்ல வண்டி கிடைக்கும். வரப்போரப் பாதைகளுக்கு மெல்லிய டயரைவிட அகல டயரே மேல்.

மோட்டார் சைக்கிள் பற்றி ஒரு எச்சரிக்கை. வாடகைக்கு விடுகிறவர் உரிமம் கேட்கமாட்டார், அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். இந்தியாவில் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையின் அனுமதியை. எனவே நம் அனுமதி அங்கே செல்லாது. விபத்து நடந்தால் பயணக் காப்பீடும் கைவிரிக்கும். தூரம் அதிகமான நாளுக்கு, வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியில் கார் எடுப்பதே பாதுகாப்பு.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி. கூகுள் மேப்ஸ் கடைகளைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் வயலுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகளில் பலவற்றை அது காட்டாது. ஆர்கானிக் மேப்ஸில் அவை இருக்கும், இணையமும் வேண்டாம். போக நினைக்கும் இடங்களை முந்தைய இரவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பழைய நகரை விடியற்காலையில் முடியுங்கள்

ஐந்தரைக்குக் கிளம்புங்கள். பாக் டாங் தெருவின் கிழக்குக் கோடியில் சந்தை அப்போதே நிறைந்திருக்கும். மீன் படகிலேயே வந்து இறங்கும். அங்கிருந்து டிரான் ஃபூ வழியாக மேற்கே ஜப்பானியப் பாலம் வரை நடந்தால், மஞ்சள் சுவர்களையும் ஓட்டுக் கூரைகளையும் மறைக்க ஆள் இல்லை. பாலம் பெரும் சீரமைப்புக்குப் பின் 2024 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் படம் 20,000 டாங் நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் வேறு. 20,000 நோட்டும் 500,000 நோட்டும் நீல நிறம். மங்கலான விளக்கில், அவசரத்தில், இளநீருக்கு 20,000 என்று நினைத்து 500,000 கொடுத்துவிடுவது மிக எளிது. ஐந்து லட்சத்தைத் தனியாக வேறொரு பையில் வையுங்கள்.

பழைய வீடுகளுக்கும் சீன வணிகர்களின் சங்க மண்டபங்களுக்கும் உள்ளே போகச் சீட்டு வேண்டும். வெளிநாட்டவருக்கு 120,000 டாங், ஐந்து இடங்கள். விடியற்காலையில் கவுண்டர் திறந்திராது, எனவே சீட்டை நடுப்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாங்காத 11 முதல் 2 மணி வரை நிழலான வீடுகளுக்குள் இருப்பதுதான் நல்லது. புகழ்பெற்ற ஃபூஜியன் மண்டபத்தில் குழுக்கள் மொய்க்கும். டிரான் ஃபூவின் கிழக்குக் கோடியில் உள்ள ஹாய்நான் மண்டபம் அமைதியானது. 1851-இல் கடற்கொள்ளையர் என்று சொல்லிக் கொல்லப்பட்ட 108 வணிகர்களின் நினைவிடம் அது.

படி 3: ஹாய் பா ட்ருங் சாலை, வடக்கே

இந்த ஒரே சாலையில் மூன்று இடங்கள் வரிசையாக வருகின்றன: ஜப்பானிய வணிகரின் கல்லறை, ட்ரா குவே கீரைக் கிராமம், ஆன் பாங் கடற்கரை. மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்குள். காலை ஏழு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள்.

பலரும் தவறவிடுவது கல்லறையைத்தான். தானி யாஜிரோபெய் என்ற ஜப்பானிய வணிகர், 1647-இல் இறந்தவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜப்பானியக் குடியிருப்பே இருந்தது. 1635-இல் ஜப்பானிய அரசு தன் மக்கள் வெளிநாடு போவதையும் திரும்பி வருவதையும் தடை செய்த பிறகு அது தேய்ந்தது. தானி ஊர் திரும்பப் புறப்பட்டும் இங்கிருந்த காதலிக்காகத் திரும்பி வந்தார் என்று சொல்கிறார்கள். கல்லறை ஜப்பான் இருக்கும் வடகிழக்குத் திசையைப் பார்க்கிறது.

அதைத் தவறவிடக் காரணம், அது சாலையோரத்தில் இல்லை. நகரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்ளாகவே, நெல்வயலின் நடுவில் இருக்கிறது. சாலையில் உள்ள அறிவிப்பு சிறியது, மிதித்துக்கொண்டே போனால் கண்ணில் படாது. செய்ய வேண்டியது:

ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, வரைபடத்தில் உங்கள் நீலப்புள்ளி குறிக்கு நேராக வரும்வரை பாருங்கள். நேராக வந்ததும் சாலையோரம் நிறுத்திப் பூட்டுங்கள். வரப்பில் சைக்கிளை ஓட்ட வேண்டாம். பாதை குறுகல், எதிரே விவசாயி வண்டியோடு வந்தால் ஒதுங்க இடமிராது, சக்கரம் சறுக்கினால் நாற்றின்மேல்தான் விழும். நடந்தே போங்கள். மழைக்கு மறுநாள் என்றால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது நல்லது, அந்தக் களிமண் செருப்பை இழுத்துக்கொள்ளும். கல்லறைக்குச் சீட்டு எதுவும் இல்லை. அது கல்லறை என்பதை மனத்தில் வைத்து, மேடைமேல் ஏறாமல் இருங்கள்.

மீண்டும் சாலைக்கு வந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் சென்றால் ட்ரா குவே. ஆற்றுக்கும் உப்பங்கழிக்கும் இடையே மணற்பாங்கான நிலம். கழியில் வளரும் பாசியை எடுத்து மண்ணில் புதைத்து உரமாக்குகிறார்கள். மணலில் ஈரம் நிற்பது இதனால்தான். துளசி வகைகள், புதினா, லெட்யூஸ் என்று பாத்தி பாத்தியாக இருக்கும். 2024-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அறிவித்த பிறகு குழுக்கள் கூடிவிட்டன. அவர்கள் வருவது ஒன்பது மணிக்குமேல். தண்ணீர் ஊற்றும் வேலை அதிகாலையிலும் பொழுது சாயும்போதும்தான் நடக்கும். தோளில் காவடிபோல் இரு பூவாளிகளைச் சுமந்து, ஒரே நேரத்தில் இரண்டு பாத்திகளுக்கு ஊற்றிக்கொண்டு போவார்கள். பாத்திகளுக்கு இடையில் நடக்கலாம், பாத்தியில் கால் வைக்கக் கூடாது. எட்டரைக்குள் பார்த்து முடித்துவிட்டால் ஆன் பாங் போய்க் கடலில் நனைந்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

படி 4: காம் கிம், பிற்பகல்

மூன்று மணிக்கு, பேருந்துகள் வந்து இறங்கும் நேரத்தில், நீங்கள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும். இரவுச் சந்தை இருக்கும் ஆன் ஹோய் தீவைக் கடந்து போனால் காம் கிம் தீவுக்கு ஒரு குறுகிய பாலம். கார் போக முடியாது. இந்தத் தீவு இன்னமும் அமைதியாக இருப்பதற்கு அந்தக் குறுகலே பெரிய காரணம்.

இங்குள்ள கிம் போங் தச்சர்கள் ஹோய் ஆனின் பழைய வீடுகளைக் கட்டியவர்கள். படகுத்துறையை ஒட்டிய பட்டறைகள் சுற்றுலாவுக்குப் பழகியவை. உள்ளே தள்ளிப் போங்கள். தெற்கே அடுத்த கரையில் பான் தாச் என்ற ஊரில் கோரை அறுத்துக் காயவைத்துப் பாய் நெய்கிறார்கள். அறுவடைக் காலத்தில் சாலையோரம் முழுக்கக் கோரை விரித்திருக்கும். அதன்மேல் சக்கரம் ஏற்றாமல் சுற்றிப் போங்கள்.

இங்கே தவறு நடப்பது திரும்பும்போது. சிமெண்டுப் பாதைகள் பல, திடீரென ஆற்றில் போய் முடியும். இருட்டினால் தெருவிளக்கும் குறைவு. ஐந்து மணிக்குப் பாலத்தை நோக்கித் திரும்பிவிடுங்கள்.

நாள் மிச்சமிருந்தால் மேற்கே மூன்று கிலோமீட்டரில் தான் ஹா குயவர் கிராமம். சக்கரத்தை ஒருவர் காலால் தள்ள, இன்னொருவர் வனைவார். அரைமணி நேரம் போதும்.

படி 5: இரவும் சாப்பாடும்

இரவுச் சந்தைக்குப் பதிலாகக் காம் நாம் தீவு. பழைய நகரின் கிழக்குக் கோடியில், ஹோவாங் டியூ தெரு முடிவில் பாலம். குட்டிச் சிப்பியை வதக்கி அரிசி அப்பளத்தோடு தருவது இத்தீவின் தனிச் சிறப்பு. சைவர்களுக்கு இங்கே சோளத்தில் செய்யும் இனிப்புக் கஞ்சி, செ பாப், கிடைக்கும். சோளம் இத்தீவிலேயே விளைவது.

சைவம் என்றால் 'ஆன் சாய்' என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள். சாதாரணக் கடையில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். 'சாய்' கடையில் அது சேராது. ஊரின் காவ் லாவ் நூடுல்ஸையும் அங்கே இறைச்சி இல்லாமல் சாப்பிடலாம்.

இதில் நம் நாட்காட்டி உதவும். வியட்நாமியச் சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் பெரும்பாலும் நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வரும். அந்த இரு நாளும் பல குடும்பங்கள் சைவம் சாப்பிடும், எளிய தெருக்கடைகளிலும் 'சாய்' கிடைக்கும். பௌர்ணமிக்கு முந்தைய இரவு, 14ஆம் நாள், விளக்குத் திருவிழா. மாதத்திலேயே நெரிசல் மிகுந்த இரவு அது. அன்றிரவு காம் நாமில் இருந்துவிட்டு மறுநாள் பழைய நகரில் சாப்பிடுவதே என் சிபாரிசு.

படி 6: சாம்பா தேடுகிறவர்களுக்கு

சாம்பா என்பது இந்தப் பகுதியை முன்பு ஆண்ட இந்து அரசு. அதைத் தேடி எல்லோரும் மீ சான் சிவாலயங்களுக்குப் போவார்கள். 40 கிலோமீட்டர். போகத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காரை வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்று, வின் டியென் ஊருக்கு மேற்கே பாங் ஆன் கோபுரம்: லிங்க வடிவில் எண்கோணமாக எழுந்த செங்கல் கட்டடம். இன்னொன்று, சாம்பாவின் பழைய தலைநகரான சிம்மபுரம் இருந்த ட்ரா கியூ. இப்போது அங்கே குன்றின்மேல் ஒரு தேவாலயம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் வயல்வெளி முழுவதும் தெரியும். கிளம்புமுன்பே இரண்டு நிறுத்தத்தையும் சொல்லி மொத்த விலை பேசிவிடுங்கள், நடுவழியில் சேர்த்தால் தகராறு.

எப்போது போகக் கூடாது

அக்டோபர், நவம்பர். மலைகள் கடற்கரைக்கு அருகிலேயே இருப்பதால் பெய்த மழை விரைவில் ஊரை ஒட்டி ஓடும் தூ போன் ஆற்றில் இறங்கிவிடும். முதலில் மூழ்குவது பாக் டாங் தெருவும் தாழ்ந்த ஆற்றுத் தீவுகளும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சைக்கிளுக்கு மிக ஏற்ற காலம்.

முகவரி பற்றி

2025 ஜூலை 1 முதல் குவாங் நாம் மாகாணம் டா நாங்கோடு இணைந்துவிட்டது. ஹோய் ஆன் நகராட்சியும் ஹோய் ஆன், ஹோய் ஆன் கிழக்கு, ஹோய் ஆன் மேற்கு என்று வார்டுகளாகப் பிரிந்துவிட்டது. காம் கிம், காம் நாம், தான் ஹா ஆகியவை இப்போது வார்டுப் பெயர்கள் அல்ல, மக்கள் பேச்சில் மட்டும் அப்படியே இருக்கின்றன. பழைய முகவரியைக் கிராப்பில் தட்டினால் வேறு இடம் வரக்கூடும். பெயரைத் தட்டாமல் வரைபடத்தில் குறியை வைத்தே வண்டி கூப்பிடுங்கள்.