புல்லியில் இறுகிய கிரப் ஸ்குரூ: நான் விட்ட பிழைகள்

போன கிழமை பரந்தன் பக்கத்து அரைக்கும் மில் ஒன்றிலிருந்து மோட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு பொடியன் வந்தான். மோட்டர் தண்டில் பூட்டிய புல்லி (பெல்ட் ஓடும் சில்லு) கழரவில்லை. அதைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் தலையில்லாத ஸ்குரூவின், அதாவது கிரப் ஸ்குரூவின், அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகிவிட்டது. “அண்ணை, ஈஸி அவுட் இருக்குதோ?” என்று கேட்டான். முறிந்த ஸ்குரூவுக்குள் அடித்துத் திருப்பிக் கழற்றும் கருவி அது. இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது.

ஒயில் விட்டு ஊற வையுங்கள், இடப்பக்கம் திருப்புங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

3 மி.மீ. அலன் கீ “போகிறது” என்று நம்புவது

பழைய மில்களில் அங்குல அளவு ஸ்குரூக்கள் இன்னும் இருக்கின்றன. கால் அங்குல கிரப் ஸ்குரூவுக்கு வேண்டியது 1/8 அங்குல அலன் கீ (அறுகோணக் குழிக்குள் விட்டுத் திருப்பும் சாவி), அதாவது 3.175 மி.மீ. அதற்குள் 3 மி.மீ. கீயும் போகும், போய், கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் மூலைகள் அழிகின்றன. குழிக்குள் மா இறுகிக் கிடந்தால் கீ பாதியில் நின்றுவிடும், அதுவும் இதே கதைதான். முதலில் ஊசியால் சுரண்டி எடுங்கள். கீயின் நுனி உருண்டிருந்தால் கிரைண்டரில் நேராக வெட்டிவிடுங்கள்.

ஒயில் விட்ட கையோடு நெருப்பு

வேண்டாம். துடைத்துவிட்டுச் சூடாக்குங்கள்.

ஈஸி அவுட்

2010இல் மீள்குடியேறி வந்தபோது, மழையிலும் வெயிலிலும் கிடந்து கறள் பிடித்த மெசின்களில்தான் இந்தத் தொழிலைப் பழகினேன். தலை முறிந்த போல்ட்டுகளை ஈஸி அவுட் போட்டு நிறையக் கழற்றியிருக்கிறேன். அந்தத் துணிவில், ஒரு தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை, மில் புல்லி ஒன்றின் கிரப் ஸ்குரூவிலும் அதைப் போட்டேன். இரண்டு தட்டு, ஒரு திருப்பு. ‘டிக்’ என்று ஒரு சத்தம். உள்ளேயே முறிந்துவிட்டது.

போல்ட்டுக்குத் தலை முறிந்தபின் பெரும்பாலும் இறுக்கம் போய்விடும். கிரப் ஸ்குரூ அப்படியில்லை. அதன் நுனி தண்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, இறுக்கம் முழுவதும் அப்படியே இருக்கிறது. நடுவில் குழி இருப்பதால் சுவரும் மெல்லியது. கூம்பு வடிவ ஈஸி அவுட்டை அடித்துத் திருப்பத் திருப்ப அந்தச் சுவர் வெளிப்பக்கம் விரிந்து புரியை இன்னும் இறுக்குகிறது. கழற்றுகிறோம் என்று நினைத்து ஆப்பு அடிக்கிறோம்!

முறிந்த துண்டோ சாதாரண ட்ரில் பிட் இறங்காத கடின உருக்கு. கடைசியில் நல்ல புல்லியைக் கிரைண்டரால் அறுத்தேன். தண்டிலும் ஒரு கீறல் விழுந்தது. அதே துளை அளவில் புல்லி கிடைக்காமல், வேறொன்றை வாங்கி லேத்தில் துளையைப் பெருப்பித்தேன். மில் நான்கு நாள் நின்றது. ஊறவைத்த அரிசியோடு வந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கிரப் ஸ்குரூவுக்கு ஈஸி அவுட் என்று யாராவது சொன்னால் இப்போதும் எரிச்சல் வரும்.

அந்தப் பொடியனுக்குச் செய்து காட்டியது வேறு. குழியைவிடச் சற்றுப் பெரிய நட்சத்திர பிட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பினேன். பலமுறை இதுவே போதும், அன்று போதவில்லை. அப்புறம் இடப்புரி கோபால்ட் ட்ரில் பிட்டை மெதுவான வேகத்தில், ஒயில் விட்டு, ட்ரில்லைப் பின்பக்கம் சுழல விட்டு இறக்கினேன். குழியே பிட்டை நடுவில் பிடித்துக்கொள்ளும். நுனி துளைபட்டதும் தண்டின் மீதான அழுத்தம் தளரும். பிட் கடித்துக்கொண்டு ஸ்குரூவையே வெளியே கொண்டுவரும். அன்றும் வந்தது. வராவிட்டால் எம்6க்கு 5 மி.மீ. வரை பெருப்பியுங்கள், மிஞ்சும் புரிச்சுருளை ஊசியால் இழுத்துவிடலாம். தண்டுக்குள் துளை போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இன்னொன்று

ஒரே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்குரூ போடுவார்கள். மேலே உள்ளது வந்த சந்தோஷத்தில், புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லரைப் பூட்டினால் வார்ப்பிரும்புப் புல்லி வெடித்துவிடும். டோர்ச் அடித்துப் பாருங்கள். கால் சுற்றுத் தள்ளியும் பாருங்கள், அங்கேயும் ஒன்று இருக்கலாம்.

பழைய ஸ்குரூவையே திரும்பப் பூட்டுவது

புதியது ஒரு தேத்தண்ணிக் காசு.