நரம்புக்கும் நோயெதிர்ப்புக்கும் நடுவில் ஒரு பிஎச்.டி.: சேரப்போகிறவர்களுக்கு

என் முதல் சோதனையில் ஒரு எலிக்குக்கூட வால் தொய்யவில்லை. பன்னிரண்டு சுண்டெலிகளுக்கு ஊசி போட்டுவிட்டு, இருபத்தைந்து நாள் தினமும் காலையில் வாலைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் ஜம்மென்று கூண்டுக் கம்பியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நோயெதிர்ப்பு தன் நரம்புறையையே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற ஒரு நோயை எலியில் உண்டாக்கும் சோதனை அது, லேபில் ஈ.ஏ.ஈ. என்போம். நோய் பிடித்தால் முதலில் வால் தொய்யும். மருந்தைச் சந்தேகித்தேன், என் கையைச் சந்தேகித்தேன். எலிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஓசூர்க்கார அண்ணன்தான் கேட்டார்: “ஏம்மா, இதுங்க வந்து எத்தனை நாள் ஆச்சு?”

வந்த மறுநாளே ஊசி போட்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிரில்லிங் வேலை வேறு. வண்டியில் குலுங்கி வந்து, புது இடத்தில் மிரண்டு கிடக்கும் எலியின் உடம்பில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். அது நோயெதிர்ப்பை அடக்கும். அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்த முறை பத்து நாள் பழகவிட்டு ஊசி போட்டேன்; பன்னிரண்டில் பத்துக்கு வால் தொய்ந்தது. இந்தத் துறையில் எலியின் மனநிலையும் உங்கள் டேட்டாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் விருதுநகர்ப் பக்கம் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, பெங்களூரில் ஐந்தாம் வருடம் ஓட்டிக்கொண்டிருப்பவள். நுழைவுத் தேர்வு பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. முதல் பணம் கைக்கு வருவதற்குள் வாடகை அட்வான்ஸ் கேட்பார்கள், மூன்று மாதச் செலவுக்குப் பணத்தோடு வாருங்கள்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது கைடு எந்தக் கரையிலிருந்து வந்தவர் என்று பாருங்கள். நரம்பியல்காரர் என்றால், உங்கள் டாக்டோரல் கமிட்டியில் கட்டாயம் ஒரு இம்யூனாலஜிஸ்ட், அதாவது நோயெதிர்ப்பியல்காரர், இருக்க வேண்டும். மாறி இருந்தால் மாற்றிச் செய்யுங்கள். கைடு தயங்கினாலும் நீங்களே கேளுங்கள். லேபில் இருப்பவர்களிடம் தனியாக டீ குடிக்கும்போது இரண்டு கேள்வி: கடைசியாக முடித்துப் போனவருக்கு எத்தனை வருடம் ஆனது? செல்களை ஒவ்வொன்றாக அளந்து வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு எத்தனை நாள் வரிசையில் நிற்க வேண்டும்?

சேர்வதற்கு முன் மூன்று பழைய வேலைகளைப் படியுங்கள். 1975-ல் ராபர்ட் ஏடரும் நிக்கோலஸ் கோஹனும் வெளியிட்டது முதலாவது. எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீர் கொடுத்து, கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு போட்டார்கள். பிறகு மருந்தில்லாமல் இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தபோதும் ஆன்டிபாடி குறைந்தது. இரண்டாவது, 2000-ல் கெவின் டிரேசியின் குழு மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டி, பாக்டீரியா நச்சு கிளப்பும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தின் அளவைக் குறைத்தது. மூன்றாவது, 2015-ல் மூளையுறையில் நிணநீர்க் குழாய் இருப்பதை வர்ஜீனியாவில் ஜோனதன் கிப்னிஸ் குழுவும் ஹெல்சின்கியில் காரி அலிடாலோ குழுவும் தனித்தனியே காட்டியது. கிப்னிஸ் குழு உறையை மண்டையோட்டோடு சேர்த்தே பதப்படுத்தி, பிறகுதான் பிரித்தெடுத்தது. கிழியாமல் எடுத்ததால்தான் குழாய் கண்ணில் பட்டது. முடிவுகளைவிட இந்த மாதிரிக் கைவேலைப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

இனி ஈ.ஏ.ஈ. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையின் புரதத்தில் ஒரு துண்டை, கொன்ற காசநோய்க் கிருமி கலந்த எண்ணெயோடு சேர்த்துக் கெட்டியான எமல்ஷன் ஆக்க வேண்டும். இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகளை இணைத்து, கை வலிக்க வலிக்க அங்குமிங்கும் தள்ளுவோம். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கலையாமல் உருண்டையாக நின்றால் சரி; பரவினால் இன்னும் தள்ளுங்கள். பாகுப்பதம் தெரிந்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தோலுக்கடியில் இதைப் போட்ட அன்றும், இரண்டு நாள் கழித்தும் கக்குவான் கிருமியின் பெர்ட்டூசிஸ் நச்சு போட வேண்டும்.

ஒன்பதாம் நாள் வாக்கில் எடை குறையத் தொடங்கும், பிறகு வால் தொய்யும். வால் மட்டும் என்றால் 1, பின்னங்கால் தளர்ந்தால் 2, முழுதாகச் செயலிழந்தால் 3, முன்னங்காலும் போனால் 4. எந்த எலி எந்தக் குழு என்று தெரியாதவர்தான் மதிப்பெண் போட வேண்டும். உங்களுக்கே தெரிந்தால் உங்கள் கண் ஏமாற்றும். தினமும் அதே நேரம், அதே ஆள். ஆண்கள் வாடைக்கே எலி மிரண்டு வலியுணர்வு மாறுகிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அதிலிருந்து நானும் தலையில் மல்லிகையோடு எலிக்கூடத்துக்குள் போவதில்லை. பின்னங்கால் போன எலியால் மேலே எட்டித் தின்ன முடியாது. தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூண்டுத் தரையில் வையுங்கள். இல்லையென்றால் பட்டினியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

மூளையிலிருந்து செல் பிரிப்பதில்தான் நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். இரண்டாவது கமிட்டி மீட்டிங்கில் ஒரு மேடம் என் படத்தைப் பார்த்துக் கேட்டார்: “இது மைக்ரோகிளியாவா, ரத்தத்திலிருந்து வந்த மேக்ரோஃபேஜா? எப்படிச் சொல்றே?” என்னிடம் பதில் இல்லை. இரண்டும் கிருமியையும் குப்பையையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள். மைக்ரோகிளியா கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குப் போய்க் குடியேறியது. மேக்ரோஃபேஜ் நேற்று ரத்தத்தில் வந்தது. இரண்டின் மேற்பரப்பிலும் சி.டி. 11பி என்ற அடையாளப் புரதம் உண்டு. சி.டி. 45 மைக்ரோகிளியாவில் நடுத்தரமாகவும் வந்தேறியில் அதிகமாகவும் இருக்கும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் அழற்சி வந்தால் மைக்ரோகிளியாவும் அதை ஏற்றிக்கொள்ளும், கோடு அழிந்துவிடும். அதனால் பி2ஆர்ஒய்12 அல்லது டிமெம் 119 என்று இன்னொரு அடையாளமும் சேர்த்துப் போடுங்கள்.

அதற்கும் முன்னால், மயக்கிய எலியின் இதயம் வழியாகக் குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி, கல்லீரல் வெளுக்கும்வரை ரத்தத்தைக் கழுவுங்கள். இதில் அவசரப்பட்டால் ரத்தச் செல்லை மூளைச் செல் என்று எண்ணித் தொலைப்பீர்கள். பிறகு மூளையைச் செல்களாகப் பிரித்து, அடர்த்திப்படி அடுக்கடுக்காகப் பிரிக்கும் பெர்கால் கரைசலில் சுழற்றியதும் மேலே வெள்ளையாக மிதப்பது மயலின். முதலில் அதை உறிஞ்சி எறியுங்கள், செல் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்கும். என்சைம் போட்டு 37 டிகிரியில் வைத்தால் மைக்ரோகிளியா அந்தச் சூட்டிலேயே கிளர்ந்துவிடும். ஜீன்களை அளக்கப் போகிறீர்களா, எல்லாவற்றையும் பனிக்கட்டியில் செய்யுங்கள்.

விலங்கு நெறிக்குழு அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கோர்ஸ்வொர்க் ஓடும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்; எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கணக்கு காட்ட வேண்டியிருக்கும்.

ஊசி போடும் நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் ஒரு வருடம் பொங்கலுக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு போட்டுத் தொலைத்தேன். பதினான்காம் நாள், நோய் உச்சத்துக்கு ஏறும் நேரம், விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. பானை பொங்குவதைக் கேட்கட்டும் என்று அம்மா போனை அடுப்புப் பக்கம் பிடித்திருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் ஏழாம் நம்பர் எலிக்கு இரண்டரை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.