டின் மீன் ஸ்பிரெட்டும் வினாகிரி வெங்காயமும்: தண்ணீரைப் பிழிந்தால் பாதி வேலை முடிந்தது

இந்த ஸ்பிரெட் எனக்கு நாலாவது தடவைதான் சரிவந்தது. முதல் தடவை மாமியின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் செய்தேன். பின்னேரம் 5 மணிக்கே கிறீம் கிறேக்கரில் பூசி, மேலே வெங்காயம் வைத்து, தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டேன். 6 மணிக்கு ஆட்கள் வந்து எடுத்தபோது பிஸ்கட் விரலிலேயே மடிந்தது. மாமி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “ருசி நல்லாத்தான் இருக்கு பிள்ளை, தண்ணிதான் கெடுத்துப்போட்டுது.” அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச மூன்று தடவையும் செய்து பார்த்தேன். மீனில் தண்ணீர், தயிரில் தண்ணீர், வெள்ளரியில் தண்ணீர், கொழும்புக் காற்றிலும் தண்ணீர். நாலையும் கவனித்தால் போதும், மற்றதெல்லாம் கலக்குவதுதான்.

என்ன வேண்டும்

ஸ்பிரெட்டுக்கு: 425 கிராம் டின் மீன் ஒன்று, ஒரு கோப்பை எருமைத் தயிர், அறை வெப்பத்தில் இளகிய பட்டர் 50 கிராம், அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, தேசிக்காய் ஒன்று, விதை நீக்கிப் பொடியாக வெட்டிய பச்சை மிளகாய் ஒன்று, ஒன்றிரண்டாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் வெங்காயத்தாள்.

ஊறவைக்க: பெரிய பம்பாய் வெங்காயம் ஒன்று, பிஞ்சு வெள்ளரிக்காய் ஒன்று, வினாகிரி ஒரு கோப்பை, தண்ணீர் அரைக் கோப்பை, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, முழு மிளகு ஆறேழு. இது 10 பேருக்குத் தாராளமாகக் காணும்.

கடையில் ‘செமன்’ (சால்மன்) என்று கேட்டுத்தான் வாங்குவோம், ஆனால் லேபிளைப் பார்த்தால் பெரும்பாலும் மக்கரல் இனம்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டதை வாங்குங்கள். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா, ஓரத் தையலில் நசுங்கல் இருக்கிறதா, மூடி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பிய டின்னைத் திறந்து மணந்து பார்க்கவும் வேண்டாம், அப்படியே எறிந்துவிடுங்கள். 425 கிராம் டின்னில் தண்ணீர் வடித்த மீன் பொதுவாக 280 கிராம்தான், அதுவும் லேபிளிலேயே இருக்கும். ஆகவே 20 பேருக்கு என்றால் இரண்டு டின் எடுங்கள்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது பிரிட்ஜை நம்பாமல் வைத்திருக்கக்கூடிய மீனாக இது கைகொடுத்தது. அன்றிலிருந்து எங்கள் அலுமாரியில் டின் தீர விட்டதில்லை. விருந்தாளிகளுக்கு டின் மீன் வைப்பதா என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நல்லாகச் செய்தால் முதலில் காலியாகும் கோப்பை இதுதான்.

முதல் நாள் இரவு: தயிரைக் கட்டுங்கள்

எருமைத் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, வடிதட்டில் வைத்து, கீழே ஒரு கோப்பை வைத்து பிரிட்ஜில் விடுங்கள். காலையில் அரைக் கோப்பைக்கு இறுகிய தயிர் இருக்கும். கிறீம் சீஸ் வாங்கத் தேவையில்லை. எனக்கு இதன் மெல்லிய புளிப்புத்தான் பிடிக்கும், மீனுக்கும் அதுதான் பொருந்தும்.

வெங்காயமும் வெள்ளரியும்

இரண்டையும் ஒரே போத்தலில் போடாதீர்கள். நான் கழுவிக் காயவைத்த இரண்டு ஜாம் போத்தல்கள் வைத்திருக்கிறேன்.

வினாகிரி, தண்ணீர், சீனி, உப்பு, மிளகு எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் சூடாக்குங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், வினாகிரியின் புளிப்பு அதோடு தாக்கம் புரியும். சீனி கரைந்தால் இறக்கலாம், கொதிக்கத் தேவையில்லை. வெங்காயத்தைக் கடதாசி மொத்தத்துக்கு வளையமாக வெட்டிப் போத்தலில் அமுக்கி, பாதித் திரவத்தைச் சூடாகவே ஊற்றுங்கள். சில நிமிடத்தில் ஓர நிறம் கழன்று திரவத்தில் இறங்கும். அரை மணித்தியாலத்தில் வெள்ளைப் பாகமெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். பம்பாய் வெங்காயத்தில் உள்ள ஊதா நிறப்பொருள் புளியில் சிவப்பாக மாறுவதுதான் அது, சாயம் ஒன்றும் வேண்டாம்.

வெள்ளரிக்கு வேறு முறை. மெல்லிய வட்டங்களாக வெட்டி அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டு கையாலும் பிழியுங்கள். விழுகிற தண்ணீரைப் பார்த்தால் இதை ஏன் சொல்கிறேன் என்று விளங்கும். மிச்சத் திரவம் நன்றாக ஆறிய பிறகே இதில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் மொறுமொறுப்புப் போய்விடும். குறைந்தது ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் ஊறட்டும்.

வினாகிரியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தென்னங்கள்ளிலிருந்து வந்த இயற்கை வினாகிரியையே வாங்குவேன். செயற்கை வினாகிரி மலிவு, ஆனால் அதன் புளிப்பு மூக்கில் ஏறும். அதுதான் கையில் இருக்கிறதென்றால் தண்ணீரை முக்கால் கோப்பையாக்குங்கள்.

மீன்: இங்கேதான் நான் வழுக்கினேன்

மூடியை அமுக்கிப் பிடித்து டின்னைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினால் வடித்தாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. சதையின் அடுக்குகளுக்குள் தண்ணீர் நிற்கும்.

மீனை வடிதட்டில் கொட்டி 10 நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலால் நீளவாக்கில் பிளந்தால் நடுமுள் தனியாக வரும். டின்னை மூடிய பிறகு அழுத்த ஆவியில், 100 பாகைக்கு மேலான சூட்டில் அவிப்பதால் அந்த முள் விரலில் பொடியாகும். சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்தும் உண்டு, ஆனால் ஸ்பிரெட்டில் மணல்போலப் படும். நான் அதை எடுத்து மத்தியானச் சம்பலில் சேர்த்துவிடுவேன். தோலையும், பக்கவாட்டில் ஓடும் கறுத்த சதையையும் சுரண்டி எடுங்கள். வெடுக்கு மணம் அதில்தான் கூட.

இனிப் பிழிதல். மீனைச் சுத்தமான துணியில் வைத்து மூட்டையாக முறுக்குங்கள். முதலில் தண்ணீர் ஓடும், பிறகு சொட்டும். சொட்டு நின்றதும் விட்டுவிடாதீர்கள். மூட்டையைத் திறந்து, மீனைக் கையால் உதிர்த்து, திரும்பவும் முறுக்குங்கள். நான் அளந்து பார்த்தேன்: இரண்டாவது முறுக்கில் மட்டும் 2 மேசைக்கரண்டித் தண்ணீர் வந்தது. பிறந்தநாளன்று பிஸ்கட்டை மடித்தது அந்த இரண்டு கரண்டிதான். பிழிந்த மீன் ஈரப் புட்டு மாவைப்போல உதிரியாக, பிடித்தால் பிடிபடுவதாக இருக்க வேண்டும்.

உடனே ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளியைப் பிசறுங்கள். வெடுக்கைத் தருகிற அமைன்கள் புளி பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், அதனால் மணம் அடங்கும். பட்டரைக் கலந்த பிறகு புளி விட்டால் கொழுப்பு மீனைச் சுற்றி மூடிவிடும், அவ்வளவு பலன் இருக்காது.

கலக்குதல்

பட்டரையும் இறுகிய தயிரில் 4 மேசைக்கரண்டியையும் முள்ளுக்கரண்டியால் அடித்து, கடுகு, மிளகு, பச்சை மிளகாய், வெங்காயத்தாள் போட்டு, கடைசியில் மீனைச் சேருங்கள். பிளெண்டர் வேண்டாம். பிளெண்டரில் போட்டால் பசையாகிவிடும், வாயில் மீன் என்று ஒன்றுமே தெரியாது. உப்பை இறுதியில் ருசி பார்த்துச் சேருங்கள். எனக்கு அநேகமாகத் தேவைப்படுவதில்லை. மூடி ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள், பட்டர் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மேசையில்

முன்கூட்டிப் பூசாதீர்கள். கோப்பையில் ஸ்பிரெட், பக்கத்தில் வடித்த வெங்காயமும் வெள்ளரியும், ஒரு சின்னக் கத்தி. வருகிறவர்கள் தாங்களே பூசிக்கொள்ளட்டும். கிறீம் கிறேக்கர் பக்கெற்றை ஆட்கள் வந்த பிறகே உடையுங்கள். எங்கள் வீட்டில் கடற்காற்றுக்கு அரை மணித்தியாலத்திலேயே தளர்ந்துவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது ரோஸ் பாண் (தட்டையாகச் சுட்ட பாண்): மெல்லியதாக வெட்டி, எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டினால் கடைசிவரை மொறுமொறுப்பாக நிற்கும்.

ஸ்பிரெட் கோப்பையை ஐஸ் போட்ட தட்டில் வையுங்கள். திறந்த மக்கரல் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உருவாகக்கூடும். அது முகச் சிவப்பு, தலையிடி, தடிப்பு எல்லாம் தரும், திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நம்முடைய வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். வினாகிரியில் ஊறியவை ஒரு கிழமைக்குத் தாங்கும்.

பிற்சேர்க்கை 1

ஸ்பிரெட் இனிக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், இருவருமே தயிருக்குப் பதில் யோகட் கப் போட்டிருக்கிறார்கள். நம்முடைய கடைகளில் விற்கும் யோகட் கப்பில் சீனி சேர்த்திருக்கும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சட்டித் தயிர்தான் வேண்டும், கிடைக்காவிட்டால் சீனி சேர்க்காதது என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 2

தக்காளிச் சோஸில் போட்ட டின் சரிவருமா என்று கேட்டீர்கள். கழுவிப் பிழிந்து பார்த்தேன், மீனின் ருசியும் சோஸோடு போய்விட்டது. அதைக் குழம்புக்கே விட்டுவிடுங்கள். எண்ணெயில் போட்டது நன்றாக வரும், ஆனால் பட்டரை 25 கிராமாகக் குறையுங்கள்.

பிற்சேர்க்கை 3

வெங்காயப் போத்தலில் உள்ளிப் பல்லும் போட்ட ஒரு அக்கா, மறுநாள் அது நீலப்பச்சையாகிவிட்டது என்று பயந்து படம் அனுப்பியிருந்தார். உள்ளியில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளியில் அப்படி நிறம் மாறுவதுண்டு. பழுதாகவில்லை அக்கா, சாப்பிடலாம். மேசையில் வைக்கும்போது உள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கள், வெங்காயத்தின் ரோஸ் நிறம் தனியாக நிற்கட்டும்.