"மெஷின் வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள்

போன மாதம் புதுக்குடியிருப்புப் பொடியன் ஒருவன் தன் வாழும் உயிலைக் கொண்டுவந்தான். வாய் பேச முடியாத நிலை வந்தால் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதும் தாள். 28 வயதில் எழுதத் துணிந்ததே பெரிய காரியம். முதல் வரியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தேன். 11 வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. கையெழுத்து, திகதி விடுபடுவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றப் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"அதுக்கெல்லாம் வயசிருக்கு"

அமெரிக்காவில் இந்த விஷயம் நீதிமன்றம் ஏறக் காரணமானவர்கள் நினைவிழந்தபோது கரன் குயின்லனுக்கு 21, நான்சி குரூசனுக்கு 25, டெரி ஷைவோவுக்கு 26. டெரி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. கணவன் ஒரு பக்கம், தாய் தகப்பன் மறுபக்கம். 1990 இல் விழுந்தவரின் உணவுக் குழாயைக் கடைசியாக எடுத்தது 2005 இல். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"எந்த மெஷினும் வேண்டாம்"

யார் எழுதினாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஐயாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததும் இதுதான். வசனம் அழகாக இருந்தது வேறு.

அடுத்த காலபோகத்தில், வயல் கொட்டிலில் நிலத்தில் படுத்திருந்தவரை எட்டடி விரியன் தீண்டியது. அது கடித்தால் பல நேரம் நோவே தெரியாது. விடியக் கண்ணிமை விழும், அப்புறம் மூச்சுவிடும் தசையும் சோரும். விஷமுறிப்பு மருந்து ஏற்றினாலும் சோர்ந்த தசை உடனே மீளாது. சில நாள் சுவாச மெஷின்தான் ஆளைத் தாங்கும். தாங்கினால் எழும்பிவிடுவார்.

அண்ணன் வார்ட்டு வாசலில் அந்தத் தாளை நீட்டினான். அவனில் பிழையில்லை, எழுதியிருந்ததைத்தானே காட்டினான்? டாக்டர் வாசித்துவிட்டு, "இது பாம்புக்கடிக்கு எழுதினதா?" என்று கேட்டார். நல்லவேளை, கேட்டார். ஐந்தாம் நாள் குழாயைக் கழற்றியதும் ஐயாவின் முதல் கேள்வி: "வயலுக்கு ஆர் தண்ணி கட்டினது?"

மெஷினை விடுங்கள், நிலைமையை எழுதுங்கள். மீள வழியில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தபின் எதெது வேண்டாம்: சுவாச மெஷினா, நெஞ்சை அழுத்துவதா, உணவுக் குழாயா? மீளலாம் என்றால் எத்தனை நாள் முயன்று பார்க்கலாம்? நோவுக்கு மருந்து எந்த நிலையிலும் வேண்டும் என்றும் ஒரு வரி. டயலிசிஸும் மெஷின்தான்; வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் எத்தனை பேர் அதை நம்பி இருக்கிறார்கள்!

எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் போடுவது

உங்களுக்காகப் பேச ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர். டொரொண்டோ, லண்டன் பிள்ளைகளோடு நடுச்சாமத்தில் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்த முடியாது. அழுதழுதாவது நீங்கள் சொன்னதைச் சொல்லக்கூடியவராகப் பாருங்கள். ஐயா அண்ணனை எடுத்துவிட்டுத் தங்கச்சியைப் போட்டார். அண்ணனுக்கு இன்னும் கோபம்.

மரண சாசனத்துக்குள் சேர்ப்பது

அதைத் திறக்கும்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

இந்தியப் படிவத்தை அப்படியே இறக்குவது

அங்கே உச்ச நீதிமன்றம் 2018 இல் இதை ஏற்று, 2023 இல் நடைமுறையை இலகுவாக்கியது. இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அதனால் டாக்டரும் வீட்டாரும் முன்பே வாசித்திருந்தால்தான் இந்தத் தாளுக்குப் பலம்.

காணி உறுதிப் பெட்டியில் பூட்டுவது

ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெட்டி வராது. கிளினிக் கொப்பிக்குள் ஒரு பிரதி வையுங்கள்.