தெருவுக்கு ஒரு வடிகால்: தருமபுரியில் நகராட்சிப் பணியை மனு முதல் பில் வரை பின்தொடரும் முறை

தெருவுக்கு வடிகால் வேண்டும் என்று மனு கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் மனு கொடுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். மனு கோப்பின் முதல் தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கோப்பு நகராட்சி அலுவலகத்துக்குள் ஏழெட்டு மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. எந்த மேசையில் எதைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் இருக்கும் தெருவுக்கு வேலை சீக்கிரம் வருகிறது, வந்த வேலையும் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது என்பது என் அனுபவம். தருமபுரி நகராட்சியின் 33 வார்டுகளில் குடியிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரி நகராட்சியிலும் 33 வார்டுகளே. இரண்டும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படியும் அதற்கான 2023-ஆம் ஆண்டு விதிகளின்படியும் இயங்குவதால் நடைமுறையில் பெரிய வேறுபாடு இராது. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே பதவிப் பெயர்களும் அதிகார வரம்புகளும் மாறும்.

தெரு யாருடையது

மனு எழுத உட்காருவதற்கு முன்னால் தெரு யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நகருக்குள் செல்லும் பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இருப்பவை. அவற்றில் விழுந்த பள்ளத்துக்காக நகராட்சிக்கு எழுதினால் "எங்கள் சாலை அன்று" என்ற ஒரு வரிப் பதில் இரண்டு மாதம் கழித்து வரும். நகரின் ஓரமாகச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. நகரை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில் பல ஊராட்சிப் பகுதியில் அமைந்தவை. சந்தேகம் இருந்தால் உங்கள் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியை யார் வாங்குகிறார்களோ அவர்களிடம்தான் தெருவையும் கேட்க வேண்டும்.

புதிய மனைப்பிரிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது சாலைகளையும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் இல்லாத தெரு, ஊரே நடந்து போனாலும், தனியார் நிலமாகவே கருதப்படும். அங்கே நகராட்சிப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் கேள்வி எழும் என்று அதிகாரிகள் தயங்குவார்கள். ஆகையால் உங்கள் தெரு நகராட்சியின் சாலைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பொறியியல் பிரிவில் கேட்டுவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது.

குடிநீர் விஷயத்தில் எல்லைக்கோடு சற்று வேறு மாதிரி. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு காவிரி நீரைக் கொண்டுவருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இதை நிறைவேற்றியது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நகராட்சியின் தொட்டி வரை தண்ணீர் வந்து சேர்வது வாரியத்தின் வேலை. தொட்டியிலிருந்து தெருக்குழாய் வழியாக வீடு வரை வருவது நகராட்சியின் வேலை. தெருவில் குழாய் உடைந்தால் வாரியத்துக்கு எழுதிப் பயனில்லை.

மனு

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டுமே இருக்க வேண்டும். நான் முதன்முதலில் எழுதிய மனுவில் வடிகால், தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை, குடிநீர் வரும் நேரம் என்று ஐந்தையும் சேர்த்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பொதுச் சுகாதாரப் பிரிவு நாய்க்கு மட்டும் பதில் அனுப்பிற்று. மனு அத்துடன் "முடிவு செய்யப்பட்டது" என்று பதிவாகிவிட்டது. தவறு என்னுடையதுதான்: ஒரு தாள் ஒரே நேரத்தில் ஐந்து கோப்புகளில் இருக்க முடியாது.

வடிகாலுக்கான மனுவில் வார்டு எண், தெருப் பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எது வரை, தோராயமாக எத்தனை மீட்டர் என்பவற்றை எழுதுங்கள். இவற்றைவிட முக்கியமானது, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கால்வாயோடு இணைக்கும் இடம் எது, அதன் அடிமட்டம் உங்கள் தெருவைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுதியிருந்தால், மனுவைக் கையில் எடுக்கும் உதவிப் பொறியாளருக்கு நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்பது புரியும். போக்கிடம் இல்லாத வடிகால் கொசுத் தொட்டியாகத்தான் முடியும். அதற்காகச் சாக்கடையைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுங்கள் என்றும் எழுத வேண்டாம். இராமாக்காள் ஏரியைப் போன்ற நீர்நிலைகள் நகருக்குள் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடை மழையின்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகும் தண்ணீர் நிற்கிறதென்றால் அந்தப் படம்தான் உங்களுக்குச் சாட்சி. மனுவை ஆணையாளர் பெயருக்கு எழுதித் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தில் பதிந்தாலும், மனு சுற்றிக்கொண்டு அதே ஆணையாளரிடம்தான் வரும். எனவே முதலில் நகராட்சியில் கொடுங்கள். ஒரு மாதத்தில் அசைவு தெரியாவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம். ஒரு நகலை வார்டு உறுப்பினரிடமும் கொடுத்துவிடுங்கள். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இதே கோரிக்கையைச் சொல்லிக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட்டால் மன்றத்தில் பேசுவதற்கு அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

எந்தப் பணம்

"நிதி இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிடாமல், எந்தத் தலைப்பில் நிதி இல்லை என்று கேளுங்கள். நகராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு இத்தகைய நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. அதில் பாதி குடிநீருக்கும் பாதி துப்புரவுக்கும் உரியது. அந்தப் பணம் வங்கியில் இருந்தாலும் அதை எடுத்துத் தார்ச்சாலை போட முடியாது. மாநில நிதிக்குழு மானியம், நகராட்சியின் சொந்த வரி வருவாய், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் ஆகியவை வேறு வேறு பெட்டிகள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் தொகுதி மேம்பாட்டு நிதியாக உண்டு. தெருக்காரர்கள் ஒரு பங்கைத் தாங்களே போட முடியுமானால் நமக்கு நாமே திட்டத்தைக் கேட்கலாம். பங்குத்தொகை கட்டிய வேலையைத் தெருவே கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அளவெடுக்க வரும் நாள்

வேலை நல்லபடியாக அமைவதும் கெட்டுப்போவதும் மதிப்பீடு தயாராகும் நாளில்தான் என்று சொல்வேன். உதவிப் பொறியாளரோ பணி ஆய்வாளரோ டேப்போடு வரும்போது தெருவில் இரண்டு பேராவது உடன் நடக்க வேண்டும். சிறுபாலம் (கல்வெர்ட்) எங்கே வேண்டும், எந்த வாசலில் கனரக மூடி வேண்டும், எங்கே மின்கம்பம் நடுவில் நிற்கிறது என்பவற்றை அன்று சொன்னால் மதிப்பீட்டில் ஏறும். பணி உத்தரவு போன பிறகு சொன்னால் "எஸ்டிமேட்டில் இல்லை" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். மின்கம்பத்தை மாற்றுவதற்கு மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால் அதை மறந்துவிடுவது எளிது, பிறகு வடிகால் கம்பத்தைச் சுற்றி வளைந்து போகும்.

மதிப்பீட்டுத் தொகை முழுவதும் சிமெண்டாகவும் ஜல்லியாகவும் மாறிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலையின் மதிப்புக்கு மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, 1 விழுக்காடு கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று சேர்ந்துதான் அந்தத் தொகை வருகிறது. பத்து லட்சம் ரூபாய் வேலை என்று பலகையில் பார்த்துவிட்டுப் பத்து லட்சத்துக்கும் கணக்குக் கேட்டால் முதல் கேள்வியிலேயே சறுக்குவோம்.

மதிப்பீடு தயாரானதும் அது நகர்மன்றக் கூட்டத்துக்கு "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்ற குறிப்போடு போகும். தீர்மான எண்ணையும் நாளையும் வார்டு உறுப்பினரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தக் கடிதம் எழுதினாலும் அந்த எண்தான் முகவரி. நிர்வாக அனுமதி, பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி இரண்டும் கிடைத்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். இந்தக் கட்டத்தில் தெருக்காரர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை நடக்கும்போது

முதலில் குழாய், அடுத்து வடிகால், கடைசியில் சாலை. இந்த வரிசை தலைகீழானால் போட்ட சாலையை ஆறு மாதத்தில் வெட்டுவார்கள். தெருவில் குடிநீர் இணைப்பு வாங்காத வீடுகள் இருந்தால் சாலை போடுவதற்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.

வடிகாலில் பார்க்க வேண்டியது சரிவு. சுவர் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடைவதால் பயனில்லை. 200-க்கு 1 என்ற சரிவு மதிப்பீட்டில் இருந்தால், 100 மீட்டர் நீளத்தில் அடிமட்டம் 50 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இதைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார்கள் டியூப் லெவல் என்று சொல்லும் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் போதும். இரு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு, குழாயில் நீர் நிற்கும் மட்டத்திலிருந்து வடிகாலின் அடிவரை டேப் விட்டு இரண்டு இடத்திலும் அளந்தால், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே சரிவு. ஒரு முறை இப்படி அளக்கலாமா என்று கேட்டபோது, "தண்ணி தானா போயிருங்கண்ணா" என்று மேஸ்திரி சிரித்தார். அளக்காமல் ஒரு குடம் தண்ணீரை மேல்முனையில் ஊற்றினோம். பதினைந்து அடி ஓடி, நடுவில் ஒரு குழியில் தேங்கி, மெல்ல எங்களை நோக்கியே திரும்பியது. மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கரண்டியை எடுத்தார். மூடி போட்ட பிறகு ஊற்றியிருந்தால் அந்தக் குழியை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

கான்கிரீட் வேலையில் இரண்டைக் கவனியுங்கள். கலவையை எடுத்து 150 மில்லிமீட்டர் கன அச்சில் வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அழுத்திச் சோதிப்பது வழக்கம். அச்சு வார்த்தார்களா என்று கேளுங்கள். மற்றொன்று நீராற்றல், அதாவது கியூரிங். தருமபுரி வெயிலில் காலையில் போட்ட கான்கிரீட் மதியத்துக்குள் வெளுத்துவிடும். குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் வராத நாளில் எதிர்வீட்டுக்காரர் தன் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் அது அவருடைய நல்ல மனம், ஆனாலும் ஆள் வரவில்லை என்பதைக் குறித்து வையுங்கள்.

தார்ச்சாலையானால் பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும். சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமாவதைத் தடுக்கத் தலைமைச் செயலாளர் 2021-இல் இப்படி அறிவுறுத்தியிருக்கிறார். வாசற்படியில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால், வேலைக்குப் பிறகு சாலை எவ்வளவு ஏறியது என்பதற்கு வாக்குவாதமே வேண்டாம்.

குறை கண்டால் கொத்தனாரிடமோ சித்தாளிடமோ சண்டை போடாதீர்கள். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள். உதவிப் பொறியாளரைக் கைபேசியில் அழைத்து, "சார், மூடி போடுவதற்கு முன்னால் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு அதையே தேதி, நேரத்தோடு எழுத்தில் அனுப்புங்கள்.

எம்.புக்கும் பில்லும்

செய்த வேலையை அளந்து எழுதும் ஏடு அளவுப் புத்தகம்; அலுவலகத்தில் எம்.புக் என்றுதான் சொல்வார்கள். ஒப்பந்தக்காரருக்குப் பணம் போவது இதில் எழுதிய அளவுக்குத்தான். மண் தோண்டிய ஆழம், அடியில் போட்ட கான்கிரீட்டின் தடிமன் போன்றவற்றை மூடுவதற்கு முன்பே அளந்து எழுத வேண்டும். மூடியபின் எழுதிய அளவைச் சரிபார்க்க உடைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே குழி திறந்திருக்கும்போதே டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்.புக்கைப் பார்க்க 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் வேலை தரமாக இல்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அன்று. தீர்மான நகல், மதிப்பீட்டு நகல், பணி உத்தரவு, எம்.புக்கின் குறிப்பிட்ட பக்கங்கள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பலரும் பயன்படுத்தாத ஒன்று இதே சட்டத்தின் 2(j) பிரிவில் இருக்கிறது: நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருள்களின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

பில் முழுவதும் போய்விட்டாலும் ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையில் ஒரு பகுதி, பழுதுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடியும்வரை நகராட்சியிடமே இருக்கும். அந்தக் காலம் எத்தனை மாதம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணி, முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அதற்குள் வரும் வடகிழக்குப் பருவமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு முறை நடந்து பாருங்கள். விரிசலோ தேக்கமோ தெரிந்தால் படத்தோடும் தீர்மான எண்ணோடும் அந்தத் தேதிக்கு முன்பே ஆணையாளருக்கு எழுதிவிட்டால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். தேதி தாண்டி வைப்புத்தொகை திரும்பிப் போய்விட்டால் அதே பழுதுக்குப் புதிதாக ஒரு மதிப்பீடு போட்டு, மறுபடியும் மன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.